"எத்தனை எக்ஸ்?" என்ற கேள்விக்கு முன்னால்: ரைஃபிள் ஸ்கோப் பற்றி முதலிலிருந்து

சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப்புற ஊரின் ஒட்டுக்கடையில் துப்பாக்கிப் பேச்சு கிளம்பினால், தே தாரிக் ஆறுவதற்குள் யாராவது கேட்டுவிடுவார்கள்: "அண்ணே, அந்த ஸ்கோப் எத்தனை எக்ஸ்?" ஸ்கோப் என்பது குறிபார்க்கத் துப்பாக்கியின் மேல் மாட்டும் லென்ஸ் குழாய்; எக்ஸ் என்பது அது உருவத்தை எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்ற எண். இருபத்து நாலு என்றால் மேசையே திரும்பிப் பார்க்கும். நாலு என்றால் உதட்டைப் பிதுக்குவார்கள். எக்ஸ் ஏற ஏறத் தோட்டா தூரம் போகும், குறி தப்பாது என்ற நம்பிக்கை அந்தப் பிதுக்கலுக்குள் ஒளிந்திருக்கிறது. இரண்டுமே உண்மை இல்லை. ஸ்கோப் வாங்கும்போது பார்க்க வேண்டியவற்றில் எக்ஸ் கடைசியில் வருவது. முதலில் வருவது, அந்தக் குழாய் நேர்மையாக அளக்கிறதா என்பது.

உள்ளே போகும் முன் நம் ஊர் நிலவரம் கொஞ்சம். தோட்டங்களில் காட்டுப்பன்றிக்கும் குரங்குக்கும் உரிமத்தோடு வைத்திருப்பது பெரும்பாலும் குண்டுச்சிதறல் துப்பாக்கி, அதாவது ஷாட்கன். செம்பனைக் காட்டுக்குள் மூன்று நான்கு மரத்துக்கு அப்பால் மட்டை மறைத்துவிடும். அங்கே தொலைதூர ஸ்கோப்புக்கு வேலை இல்லை. இந்தக் கட்டுரை உதவக்கூடியவர்கள் வேறு: கிளப்பில் சேர்ந்து குறிபார்க்கும் தளத்தில் சுடுபவர்கள், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து பக்கம் முறையாக அனுமதி எடுத்து வேட்டைக்குப் போகிறவர்கள், காணொளி பார்த்துப் பார்த்து ஆர்வம் வந்தவர்கள். மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி ஏர் ரைஃபிளும் ஆயுதம்தான். உரிமம் இல்லாமல் வைத்திருக்க முடியாது. தீபகற்பத்தில் வேட்டை என்றால் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். பெர்ஹிலித்தான் எனும் வனவிலங்கு, தேசியப் பூங்காத் துறையின் அனுமதி வேண்டும். ஸ்கோப்பை மட்டும் இணையத்தில் வரவழைக்கலாமே என்று நினைப்பவர்கள், பணம் கட்டும் முன் மாவட்டக் காவல் தலைமையகத்தின் ஆயுத உரிமப் பிரிவில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஸ்கோப் எதைச் செய்யாது

சின்ன வயதில் உண்டிவில்லால் மாங்காய் அடித்தவர்களுக்கு இது தெரியும். பக்கத்துக் கிளை என்றால் நேராகப் பிடிக்கலாம். தூரத்துக் கிளை என்றால் காய்க்கு மேலே பிடிக்க வேண்டும், ஏனென்றால் கல் போகிற வழியெல்லாம் இறங்கிக்கொண்டே போகும். தோட்டாவும் அப்படித்தான். வேகம் அதிகம் என்பதால் இறக்கம் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை, அவ்வளவே. 0.4 விநாடி பறக்கும் எந்தப் பொருளையும் புவியீர்ப்பு அந்த நேரத்தில் சுமார் 78 சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடும், அது தோட்டாவானாலும் மாங்கொட்டையானாலும். ஸ்கோப்பில் நாலு எக்ஸ் வைத்தாலும் நாற்பது எக்ஸ் வைத்தாலும் இந்த இழுப்பு மாறாது.

உருப்பெருக்கம் இல்லாமலேயே துல்லியமாகச் சுட முடியும் என்பதற்கு ஒலிம்பிக் 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டி போதும். அதன் குறித்தாளில் பத்துப் புள்ளி தரும் நடுப்புள்ளியின் விட்டம் 0.5 மில்லிமீட்டர், பேனா முனையால் வைத்த புள்ளி அளவு. அந்தப் போட்டியில் ஸ்கோப்புக்கே அனுமதி இல்லை. துளை வைத்த குறிபார்ப்பான்தான். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று சுட்ட நம் நாட்டு நூர் சூர்யானியும் அப்படித்தான் சுட்டார்.

அப்படியானால் ஸ்கோப் எதற்கு? இரண்டு வேலைக்கு. ஒன்று, குறியையும் குறிக்கோட்டையும் ஒரே தெளிவில் காட்டுவது. இரண்டு, தோட்டா எவ்வளவு இறங்கும் என்று தெரிந்தால் அந்த அளவு சரியாக மேலே பிடிக்க ஓர் அளவுகோல் தருவது. குறிக்கோடு என்பது ஸ்கோப்புக்குள் தெரியும் சிலுவைக் கோடும் அதன் மேலுள்ள சிறு அளவுக் குறிகளும்.

4-16x50: இந்த எண்கள் என்ன சொல்கின்றன

ஸ்கோப்பின் பெயரிலேயே அதன் ஜாதகம் இருக்கிறது. 4-16 என்றால் உருவத்தை 4 மடங்கிலிருந்து 16 மடங்கு வரை பெரிதாக்கலாம். 50 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில்.

உருப்பெருக்கம் கூடினால் பார்வை அகலம் சுருங்கும். மொட்டைத்தனமாகச் சொன்னால், 4 மடங்கில் 100 மீட்டர் தூரத்தில் ஏறத்தாழ 9 மீட்டர் அகலம் தெரியும். ஒரு செம்பனை மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் உள்ள இடைவெளி. 16 மடங்கில் அதே இடத்தில் இரண்டு மீட்டர் சொச்சம்தான். வேட்டையில் விலங்கு இரண்டு எட்டு வைத்தால் வட்டத்தை விட்டே போய்விடும். பிறகு ஸ்கோப்பை அங்கும் இங்கும் ஆட்டித் தேடிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

கை நடுக்கமும் பதினாறு மடங்காகும். கானலும் அப்படியே. மத்தியானம் செம்மண் சாலையில் எழும் கானல் அலையை நினைத்துப் பாருங்கள். வெறுங்கண்ணுக்கு அது அழகு. 20 மடங்கு ஸ்கோப்பில் குறித்தாளே தண்ணீருக்குள் கிடப்பதுபோல் நெளியும். அனுபவசாலிகள் வெயில் ஏறியதும் உருப்பெருக்கத்தைப் பத்து, பன்னிரண்டுக்கு இறக்கிவிடுவார்கள். இருபத்தைந்து மடங்குக்குக் காசு கொடுத்தவர் நம் வெயிலில் அதில் பாதியைத்தான் பயன்படுத்துவார்.

அடுத்தது வெளிச்சம். ஸ்கோப்பை ஒரு கை தூரத்தில், வெளிச்சமான சுவரை நோக்கிப் பிடித்துக் கண் பக்க லென்ஸைப் பாருங்கள். நடுவில் ஒரு சிறிய ஒளி வட்டம் தெரியும். கண்ணுக்குள் போகும் வெளிச்சமெல்லாம் அந்த வட்டத்தின் வழியாகத்தான். அதன் விட்டத்தைக் கண்டுபிடிக்க, முன் லென்ஸின் விட்டத்தை உருப்பெருக்கத்தால் வகுத்தால் போதும். 50ஐ 10ஆல் வகுத்தால் 5 மில்லிமீட்டர். 50ஐ 16ஆல் வகுத்தால் 3.1.

நம் கண்மணி பகலில் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் திறந்திருக்கும். அதனால் பகலில் 3.1 தாராளம். மரம் சீவக் கிளம்பும் விடிகாலை நேரத்தில் இளம்வயதினருக்கு அது 7 மில்லிமீட்டர் வரை விரியும். வயது ஏற ஏற அவ்வளவு விரியாது, ஐந்தோடு நின்றுவிடுவதும் உண்டு. ஆக, மங்கல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டுமானால் 5 மில்லிமீட்டர் வட்டம் கிடைக்கிற அளவுக்கு உருப்பெருக்கத்தைக் குறையுங்கள். பெரிய லென்ஸ் வாங்கச் செலவு ஆகும்; உருப்பெருக்க வளையத்தைத் திருப்பக் காசு ஆகாது.

பெரிய லென்ஸுக்கு இன்னொரு விலையும் உண்டு. 56 மில்லிமீட்டர் முன் லென்ஸ் குழல் மீது இடிக்காமல் இருக்க ஸ்கோப்பை உயர்த்தி மாட்ட வேண்டும். உயர்த்தினால் கன்னம் துப்பாக்கிக் கட்டையில் படியாமல் அந்தரத்தில் நிற்கும். கன்னம் படியாத தலை ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் நிற்கும். அதன் விளைவு என்ன என்பது சற்றுக் கீழே, இடமாறு தோற்றப்பிழையில் வரும்.

"முப்பது மில்லி குழாயில் வெளிச்சம் கூட" என்ற பேச்சும் கடைகளில் ஓடும். குழாயின் பருமனால் வெளிச்சம் கூடுவதில்லை. ஓர் அங்குலம், 30, 34 என்று குழாய் பருக்கும்போது கிடைப்பது பெரும்பாலும் உள்ளே குறிக்கோட்டை மேலும் கீழும் நகர்த்த அதிக இடம். வெளிச்சத்தைத் தீர்மானிப்பது கண்ணாடியின் பூச்சு. பூச்சு இல்லாத கண்ணாடிப் பரப்பு ஒவ்வொன்றும் சுமார் 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே பத்துப் பரப்பு இருந்தால் கண்ணுக்கு வந்து சேருவது மூன்றில் இரண்டு பங்குதான். எல்லாப் பரப்புக்கும் பல அடுக்குப் பூச்சு போட்ட ஸ்கோப்பில் தொண்ணூறு விழுக்காட்டை ஒட்டி வரும். விலை வித்தியாசத்தில் ஒரு பகுதி இங்கேதான் போகிறது.

இதுவரை பார்த்தது: பெரிய எண், சின்னப் பார்வை அகலம், சின்ன ஒளி வட்டம், பெரிய நடுக்கம். உருப்பெருக்கத்தைக் கூட்டுவதும் ஒரு செலவுதான்.

கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் இடையில்

முழுப் படமும் தெரிய, கண் லென்ஸிலிருந்து கண் எவ்வளவு தள்ளி இருக்க வேண்டுமோ அதைக் கண் தூரம் என்போம். ரைஃபிள் ஸ்கோப்பில் இது பொதுவாக 75 முதல் 100 மில்லிமீட்டர். இதை அலட்சியம் செய்தவர்களின் புருவத்தில் பிறை வடிவத் தழும்பு இருக்கும். சுட்டதும் துப்பாக்கி பின்னால் உதைக்கும், ஸ்கோப்பின் விளிம்பு நெற்றியில் வெட்டும். உதை அதிகமுள்ள ரைஃபிளுக்கு 90 மில்லிமீட்டருக்குக் குறையாமல் பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் அளவு பல ஸ்கோப்புகளில் குறைந்த உருப்பெருக்கத்துக்கானது. கூட்டினால் அது சுருங்கும் என்பதால், மாட்டும்போது உச்ச உருப்பெருக்கத்தில் வைத்து இடம் பாருங்கள்.

கண் லென்ஸைச் சுற்றியுள்ள வளையம் குறியைத் தெளிவாக்க அல்ல, குறிக்கோட்டைத் தெளிவாக்க. வானத்தையோ வெள்ளைச் சுவரையோ பார்த்தபடி அதைத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விநாடி பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துவிடுங்கள். உற்றுப் பார்த்துக்கொண்டே இருந்தால் கண் தானே சரிசெய்துகொள்ளும். ஸ்கோப் சரியாகிவிட்டதாகத் தோன்றும், அரை மணி நேரத்தில் தலைவலி வரும்.

இனி இடமாறு தோற்றப்பிழை. பழைய கப்சாய் மோட்டாரில் முள் வைத்த வேகமானி இருக்குமே, ஓட்டுபவருக்கு அது 60 காட்டும்போது பின்னால் சாய்ந்து எட்டிப் பார்ப்பவருக்கு 55 காட்டும். முள்ளுக்கும் எண்ணுக்கும் நடுவே சிறு இடைவெளி இருப்பதுதான் காரணம். எந்தக் கோணத்தில் பார்க்கிறோமோ அதற்கேற்ப முள் வேறு எண்ணின் மேல் விழுகிறது. ஸ்கோப்பிலும் குறியின் உருவம் ஒரு தளத்திலும் குறிக்கோடு வேறொரு தளத்திலும் விழுந்தால் இதேதான் நடக்கும். தலை சற்று நகர்ந்தால் குறிக்கோடு குறியின் மேல் ஊர்ந்து போகும். சுட்டவர் கையைக் குறை சொல்வார், தோட்டாவைக் குறை சொல்வார்.

சோதிப்பது எளிது. தோட்டா இல்லாத துப்பாக்கியை மணல்மூட்டையில் அசையாமல் வைத்து, அதைத் தொடாமல் தலையை மட்டும் மேலும் கீழும் ஆட்டிப் பாருங்கள். குறிக்கோடு குறியில் ஒட்டிக்கொண்டு நின்றால் நல்லது. நகர்ந்தால், இடப் பக்கமுள்ள குமிழையோ முன் லென்ஸ் வளையத்தையோ திருப்பி நகராத இடத்தைப் பிடிக்க வேண்டும். குமிழில் எழுதியிருக்கும் தூரத்தை அப்படியே நம்பாதீர்கள். அது வழிகாட்டி மட்டுமே. விலை குறைந்த ஸ்கோப்புகளில் இந்தக் குமிழே இருக்காது, தொழிற்சாலையில் பெரும்பாலும் 100 கெஜத்துக்கு நிலைப்படுத்திவிடுவார்கள். அதை 10 மீட்டர் ஏர் ரைஃபிளில் மாட்டினால் குறி மங்கலாகவும் தெரியும், ஊர்ந்தும் போகும். ஏர் ரைஃபிளுக்கு என்று 10 மீட்டர் வரை இறக்கக்கூடியதாகத் தேடுங்கள். ஸ்பிரிங் வைத்த ஏர் ரைஃபிள் என்றால் இன்னொரு தொல்லை: அது பின்னால் ஓர் உதை, முன்னால் ஓர் உதை என்று இரண்டு பக்கமும் உதைக்கும். பெரிய ரைஃபிளின் உதையைத் தாங்கிய ஸ்கோப்பே இதில் உடைந்துபோவதுண்டு. ஸ்பிரிங் ஏர் ரைஃபிளுக்கு ஏற்றது என்று தயாரிப்பாளரே சொல்லியிருக்க வேண்டும்.

ஸ்கோப் ஓர் அளவுகோல்

எல்லோரும் குழம்புவது இங்கே. நிதானமாகப் போவோம்.

தலைவிளக்கை மரத்துக்கு ஓரடியில் பிடித்தால் ஒளி வட்டம் தட்டளவு. பத்தடி தள்ளிப் போனால் வட்டம் பத்து மடங்கு அகலம். விளக்கிலிருந்து கிளம்பும் விரிவு ஒன்றுதான்; தூரம்தான் அதைப் பெரிதாக்குகிறது. அந்த விரிவுக்குக் கோணம் என்று பெயர். ஸ்கோப் அளப்பது சென்டிமீட்டரை அல்ல, இந்தக் கோணத்தை.

கோணத்துக்கு இரண்டு அலகுகள் புழக்கத்தில் உள்ளன. மில் என்பது தூரத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு: 100 மீட்டரில் 10 சென்டிமீட்டர், 300 மீட்டரில் 30, 500 மீட்டரில் 50. எம்.ஓ.ஏ. என்பது ஒரு பாகையில் அறுபதில் ஒன்று: 100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டர், 100 கெஜத்தில் ஓர் அங்குலத்தைவிடச் சற்றுக் கூட. ஒரு மில் ஏறத்தாழ 3.44 எம்.ஓ.ஏ. அங்குலத்திலும் கெஜத்திலும் வளர்ந்த அமெரிக்கர்களுக்கு எம்.ஓ.ஏ. கைவந்த கணக்கு. மீட்டரில் யோசிக்கும் நமக்கு மில்தான் வசதி. அடுத்தவர் என்ன வைத்திருக்கிறார் என்று பார்க்க வேண்டாம்.

செம்பனைத் தோட்டத்தையே அளவுநாடாவாக வைத்துப் பார்ப்போம். வழக்கமான முக்கோண நடவில் மரத்துக்கு மரம் சுமார் 9 மீட்டர். ஒரே வரிசையில் 12ஆவது மரம் 99 மீட்டரில் நிற்கும். 34ஆவது மரம் ஏறக்குறைய 300 மீட்டரில். (நிஜத்தில் மட்டைகளைத் தாண்டி 34ஆவது மரம் தெரியாது, கணக்குக்காகக் கற்பனை செய்துகொள்ளுங்கள்.) 12ஆவது மரத்தில் ஒரு மில் உள்ளங்கை அகலம். 34ஆவது மரத்தில் பள்ளிக்கூட அளவுகோலின் முழு நீளம்.

ஸ்கோப்பின் மேலேயும் பக்கத்திலேயும் உள்ள திருகுக் குமிழ்களைத் திருப்பினால் 'டிக் டிக்' என்று கேட்கும். ஒவ்வொன்றும் ஒரு கிளிக். மில் ஸ்கோப்பில் ஒரு கிளிக் பெரும்பாலும் 0.1 மில், அதாவது 100 மீட்டரில் 1 சென்டிமீட்டர்.

ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு ஒத்துப்போகச் செய்வதை ஜீரோ செய்வது என்பார்கள். 100 மீட்டரில் நிதானமாக மூன்று குண்டு சுட்டு, மூன்றின் நடுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே குண்டை நம்பித் திருகினால் நாள் முழுக்கத் திருகிக்கொண்டே இருப்பீர்கள். நடு, குறிக்கு 6 சென்டிமீட்டர் வலமாகவும் 4 சென்டிமீட்டர் கீழாகவும் விழுந்திருந்தால் 6 கிளிக் இடம், 4 கிளிக் மேல். குமிழில் உள்ள அம்பு தோட்டா போக வேண்டிய திசையைக் காட்டுகிறது, குறிக்கோடு நகரும் திசையை அல்ல. 50 மீட்டரில் இதையே செய்தால் ஒரு கிளிக் அரை சென்டிமீட்டர்தான். 12, 8 என்று இரட்டிப்பாகத் திருப்ப வேண்டும். 50 மீட்டர் தளத்தில் 100 மீட்டர் கணக்கைப் போட்டுவிட்டு "ஸ்கோப் கெட்டுப்போச்சு" என்று சொல்வது அடிக்கடி நடப்பது.

இனி தூரம். .308 வகை (தோட்டாவின் விட்டம் 0.308 அங்குலம்) ரைஃபிளை 100 மீட்டரில் ஜீரோ செய்துவிட்டு 300 மீட்டரில் சுட்டால் தோட்டா சுமார் அரை மீட்டர் கீழே விழும். 300 மீட்டரில் ஒரு கிளிக் 3 சென்டிமீட்டர். 50ஐ 3ஆல் வகுத்தால் ஏறத்தாழ 17 கிளிக், அதாவது 1.7 மில். குமிழை அவ்வளவு ஏற்றலாம். இல்லையென்றால் குறிக்கோட்டில் நடுவுக்குக் கீழே 1.7 மில் காட்டும் இடத்தைச் சுட வேண்டிய குறியின் மேல் வைக்கலாம். இரண்டும் ஒன்றே. இந்த எண் தோட்டாவின் எடை, வேகம், வடிவம் பொறுத்து மாறும். அவரவர் தோட்டாவுக்குத் தளத்தில் சுட்டுப் பார்த்துத்தான் அட்டவணை எழுத வேண்டும். காற்றைப் பற்றி ஸ்கோப் எதுவும் சொல்லாது. அதைப் படிக்க வேறு பள்ளிக்கூடம் போக வேண்டும்.

பழைய ஸ்கோப்புகளில் ஒரு விபரீதம் உண்டு: குறிக்கோடு மில்லில் இருக்கும், குமிழ் எம்.ஓ.ஏ.யில் இருக்கும். ஒரு மில் தவறியதைக் கோட்டில் பார்த்துவிட்டுக் குமிழில் ஒரு எம்.ஓ.ஏ. திருப்பினால் மூன்றில் ஒரு பங்குகூட நகராது. மலிவாகக் கிடைக்கிறதே என்று அப்படி ஒன்றை எடுக்க வேண்டாம். கோடும் குமிழும் ஒரே மொழி பேச வேண்டும்.

குறிக்கோட்டால் தூரத்தையும் அளக்கலாம். அரை மீட்டர் உயரப் பலகை 2 மில் உயரம் தெரிந்தால், 500 மில்லிமீட்டரை 2ஆல் வகுத்து 250 மீட்டர். அதையே 1.8 என்று படித்துவிட்டால் 278 மீட்டர் என்று வரும். ஒரு சின்ன நடுக்கம், மூன்று செம்பனை மர தூரப் பிழை. லேசர் தூரமானிக்குச் செலவழிப்பது இதனால்தான்.

சுருக்கமாக: மில்லை மீட்டரோடு பெருக்குங்கள், மில்லிமீட்டர் கிடைக்கும். 1.7 மில், 300 மீட்டர், 510 மில்லிமீட்டர். தொலைதூரச் சுடுதலின் கணக்கில் முக்கால்வாசி இந்த ஒரே பெருக்கல்தான்.

கைப்பேசியில் ஒரு கீறல்

கைப்பேசியில் ஓர் அளவுகோலின் படத்தைத் திறந்து இரண்டு விரலால் பெரிதாக்குங்கள். படத்தில் உள்ள அளவுகோலும் சேர்ந்து பெரிதாகும். படத்துக்குள் எதை அளந்தாலும் கணக்கு மாறாது. ஆனால் திரைக் கண்ணாடியில் உள்ள கீறல் அப்படியே இருக்கும்.

ஸ்கோப்புக்குள் உருவம் இரண்டு இடங்களில் குவியும்: பெரிதாக்கும் லென்ஸ்களுக்கு முன்னால் இருப்பது முதல் குவியத் தளம், பின்னால் இருப்பது இரண்டாம் குவியத் தளம். முதல் குவியத் தளத்தில் குறிக்கோடு வைத்த ஸ்கோப் அந்த அளவுகோலைப் போல. உருப்பெருக்கம் எதுவானாலும் ஒரு மில் ஒரு மில்தான். இரண்டாம் குவியத் தளத்தில் வைத்தது கீறலைப் போல; கோட்டின் பருமன் மாறாது, அதன் அளவு ஓர் உருப்பெருக்கத்தில் மட்டும் சரி, பெரும்பாலும் உச்சத்தில். 16இல் சரியாக இருக்கும் ஸ்கோப்பை 8க்கு இறக்கினால், ஒரு மில் என்று எழுதிய குறி இப்போது இரண்டு மில்லை மூடும். 1.7க்குப் பதில் 3.4 மேலே பிடிப்பீர்கள். 300 மீட்டரில் தோட்டா அரை மீட்டர் உயரே போய்விடும். குமிழைத் திருப்பிச் சுடுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை, கிளிக் எந்த உருப்பெருக்கத்திலும் ஒன்றே.

முதல் தளம்தான் உயர்ந்தது என்று சொல்லிவிட முடியாது. குறைந்த உருப்பெருக்கத்தில் அதன் கோடு சிலந்தி நூல்போல் மெலிந்து, விடிகாலை இருட்டில் காணாமல் போகும். 200 மீட்டருக்குள் வேட்டையாடுபவருக்கு இரண்டாம் தளமே நல்லது, விலையும் குறைவு.

மாட்டும்போது கெடுவதுதான் அதிகம்

நல்ல ஸ்கோப்பை வாங்கிவிட்டு ரிங்கில் காசு மிச்சம் பிடிப்பது, புது வீட்டுக்குப் பழைய தகரம் போடுவது மாதிரி. ரிங் என்பது ஸ்கோப்பைத் துப்பாக்கியோடு பிடித்துவைக்கும் வளையம். மேல்மூடித் திருகுகளுக்குப் பெரும்பாலான தயாரிப்பாளர்கள் சொல்வது 15 முதல் 18 அங்குல-பவுண்டு, அதாவது 1.7 முதல் 2 நியூட்டன் மீட்டர். அது இரண்டு விரலால் இறுக்குகிற அளவுதான். பட்டறைப் பழக்கத்தில் முழுக் கையால் முறுக்கினால் குழாய் நசுங்கும், உள்ளே குமிழ் சிக்கும். அளவு காட்டும் திருப்புளி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். பெட்டியில் உள்ள தாள் வேறு எண் சொன்னால் தாள் சொல்வதே சரி.

குறிக்கோடு நேராக நிற்க வேண்டும். கொத்தனாரின் தூக்குக்குண்டை 20, 30 மீட்டரில் தொங்கவிட்டு, துப்பாக்கியை ரசமட்டத்தால் சமமாக்கி, செங்குத்துக் கோட்டை அந்த நூலோடு ஒட்டவைத்து இறுக்குங்கள். 3 பாகை சாய்ந்தால் என்ன ஆகிவிடும்? 100 மீட்டரில் ஒன்றும் தெரியாது. தோட்டா 2 மீட்டர் இறங்கும் 500 மீட்டரில், அதே சாய்வு 10 சென்டிமீட்டர் பக்கவாட்டில் தள்ளும். காற்று என்று நினைத்துக்கொண்டு திருத்திக்கொண்டே இருப்பீர்கள்.

அதே தூக்குக்குண்டு ஸ்கோப்பின் நேர்மையையும் சோதிக்கும். 100 மீட்டரில் உயரமான அட்டை, அதில் நூலைப் பார்த்துச் செங்குத்தாக ஒரு கோடு. அடியில் உள்ள புள்ளியைக் குறிபார்த்துச் சுடுங்கள். குமிழை 10 மில் ஏற்றி, மீண்டும் அதே புள்ளியைக் குறிபார்த்துச் சுடுங்கள். இரண்டாவது குண்டுகள் சரியாக 1 மீட்டர் மேலே, கோட்டின் மீதே விழ வேண்டும். 96 சென்டிமீட்டரில் விழுந்தால் உங்கள் ஸ்கோப் பத்து என்று சொல்லி 9.6 கொடுக்கிறது. பிறகு குமிழை இறக்கினால் முதல் ஓட்டைக்கே திரும்ப வேண்டும். திரும்பாத ஸ்கோப்பைக் கண்ணாடி எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கடைக்கே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

வாங்கும் முன் மொத்த நகர்வையும் பாருங்கள். மொத்தம் 20 மில் என்று போட்டிருந்தால், ஜீரோ நடுவில் அமைகிறபோது மேலே ஏற மிஞ்சுவது 10தான்.

நம் ஊர் ஈரம்

நல்ல ஸ்கோப்புக்குள் காற்றை வெளியேற்றி நைட்ரஜனோ ஆர்கானோ நிரப்பி அடைத்திருப்பார்கள். உள்ளே ஈரம் இருக்காது, பனி மூடாது. ஆனால் குளிர்சாதனம் ஓடும் காரிலிருந்து எடுத்தவுடன் வெளிப்புறக் கண்ணாடி ஐஸ் கட்டி போட்ட கிளாஸ்போல் வேர்த்துவிடும். துடைத்தால் மீண்டும் வேர்க்கும். கால் மணி நேரம் வெளியே வைத்திருப்பதுதான் வழி.

பெரிய எதிரி பூஞ்சை. மழைக்காலத்தில் மெத்தை உறைக்குள்ளேயே பூட்டி வைத்தால் லென்ஸில் வெள்ளை வேர்கள் படரும். அது பூச்சையே தின்றுவிடும், துடைத்தால் போகாது. கேமரா வைத்திருப்பவர்கள் பயன்படுத்தும் ஈரம் உறிஞ்சும் அலமாரி நல்லது, ஈரப்பதம் 40 முதல் 50 விழுக்காட்டில். இல்லையென்றால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, ஸ்கோப்பைக் கழற்றி வைக்கலாம். திரும்ப மாட்டியதும் ஜீரோவைச் சரிபார்க்க மறக்க வேண்டாம். லென்ஸில் தூசி இருந்தால் முதலில் ஊதுங்கள், பிறகு தூரிகை, கடைசியில்தான் துணி. சட்டை நுனியால் துடைப்பது மணல் தாளால் தேய்ப்பதற்குச் சமம்.

சரி, எதை வாங்குவது

.22 ரைஃபிளில் 50, 100 மீட்டர் குறித்தாள் சுடுபவருக்கு 3-9x40 போதும், இடமாறு தோற்றப்பிழையைத் திருத்தும் குமிழோடு இருந்தால் இன்னும் நல்லது. வெளிநாட்டில் 300 மீட்டருக்குள் வேட்டை என்றால் 2.5-10x42 அல்லது 3-9x40, இரண்டாம் குவியத் தளம், எடை குறைந்தது. நாள் முழுக்க மலையேறித் தூக்குபவருக்கு ஒரு கிலோ ஸ்கோப் தண்டனை. 500 மீட்டருக்கு மேல் தளத்தில் படுத்துச் சுடுபவருக்கு மட்டும் 5-25x56, முதல் குவியத் தளம், மில் கோடு, மில் குமிழ். இதில் கண்ணாடியின் தெளிவைவிடக் குமிழ் சொன்னபடி நகர்வதற்கே காசு கொடுங்கள். இந்த மூன்றில் எதிலும் சேராத 6-24x50ஐ மலிவு விலையில் பார்த்து மயங்குபவர்கள் நிறைய. இருபத்து நாலில் மங்கல், ஆறில் அகலம் போதாது, குமிழ் திரும்பி வராது.

வாங்கும்போது தொலைநோக்கி ஒன்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள், 8x42 அல்லது 10x42. தூரத்தில் அசைவது என்ன என்று ஸ்கோப்பால் பார்ப்பது என்பது, அது என்னவென்று தெரியும் முன்பே அதன் மேல் குழலை நீட்டுவது. அசைவது விடிகாலையில் தலைவிளக்கை அணைத்துவிட்டுப் பால் எடுக்க வரும் ஓர் ஆளாக இருக்கலாம். அடையாளம் காண்பது தொலைநோக்கியின் வேலை. முழுக்க அடையாளம் கண்டு, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் தெரிந்த பிறகே ஸ்கோப்.

கடையில் பார்க்கும்போது ஜன்னல் வழியாகத் தெரிகிற பெயர்ப்பலகையைப் படிப்பதோடு நிற்காதீர்கள், எல்லா ஸ்கோப்பும் நல்ல வெயிலில் பலகையைப் படிக்கும். நிழலில் கிடக்கும் கரிய பொருளைப் பாருங்கள், வட்டத்தின் ஓரம் மங்குகிறதா என்று பாருங்கள், குமிழைக் கடைசி வரை திருப்பித் திரும்ப எண்ணி ஆரம்பத்துக்கு வருகிறதா என்று பாருங்கள். வீட்டுக்கு வந்து மாட்டியபின் முதல் 20 குண்டு சுட்டதும் எல்லாத் திருகையும் ஒருமுறை அளவு திருப்புளியால் சரிபாருங்கள். ஏதாவது ஒன்று கட்டாயம் தளர்ந்திருக்கும்.